பதில் இல்லாமல் மூடிய கேள்வி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. வயிறு எரிகிறது, அவ்வளவுதான். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்மா பிரஷர் மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை பூந்தொட்டிக்குக் கொடுக்கிறாளா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ பாதியில் புகுந்து புத்தி சொல்வாய். கடிதத்தில்தான் நான் முடிக்கும்வரை உன்னால் வாய் திறக்க முடியாது.

எங்கள் ஆபீஸில் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை (நாங்கள் கோட் என்போம்) இன்னொருவர் வாசித்து, கேள்வி கேட்டு, "சரி" என்று சொன்ன பிறகுதான் அது சாப்ட்வேருக்குள் போக வேண்டும். நல்ல வழக்கம்தான். எழுதியவருக்குத் தன் தவறு தெரியாது, தன் முதுகு தனக்குத் தெரியாத மாதிரி.

ஆனால் எங்கள் டீம் லீடுக்கு ரிவ்யூ என்றால் வேட்டை. நாங்கள் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏனென்றால் புள்ளியும் இடைவெளியும் தவிர அவர் கண்ணில் வேறெதுவும் படாது. போன வாரம் நான் அனுப்பியதில் பக்கம் பக்கமாகக் கமென்ட். இங்கே இடைவெளி அதிகம், இந்தப் பெயர் நீளம், அந்தப் பெயர் குட்டை. கடைசியில், மொத்த டீமும் படிக்கிற இடத்தில், "இதை எழுதும்போது தூங்கிவிட்டீர்களா?" என்று ஒரு வரி. நான் எழுதியது வேலை செய்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது!

அதே நாளில் எங்கள் டீமில் இருக்கும் ராக்கெட், ஒரு புத்தகம் அளவுக்குக் கோட் அனுப்பினான். வேகமாக எழுதுவதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் கையில் இருந்த டீ ஆறவில்லை, முற்றுப்புள்ளி "சூப்பர்" போட்டு அப்ரூவ் பண்ணிவிட்டார். படித்தாரா? முதல் பக்கத்தைப் புரட்டினாரா என்றே சந்தேகம்.

எனக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதியா? எழுதி முடித்துவிட்டேன். இப்போது நீ திட்டலாம்.

அன்புடன் உன் தங்கை,
சுண்டெலி


ஜனவரி 25

என் சுண்டெலிக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அம்மாவின் பூந்தொட்டிக்கு இப்போது பிரஷரே கிடையாது. நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சின்ன வயசுல இவ எழுத்துப்பிழையை நீ திருத்தினா, நோட்டைத் தூக்கி எறிவாளே, அவளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குழந்தைகள் வார்டிலும் உன் ரிவ்யூ மாதிரி ஒன்று உண்டு. வீரியமான மருந்து என்றால் இரண்டு நர்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊசி. ஆனால் நடப்பது என்ன தெரியுமா? முதல் ஆள் நீட்டுவாள், இரண்டாம் ஆள் பேச்சுக்கு நடுவில் கிறுக்குவாள். "நீங்க பாத்துட்டீங்கல்ல, அப்ப சரியாத்தான் இருக்கும்." இவள் அவளை நம்பி, அவள் இவளை நம்பி, கடைசியில் யாருமே பார்க்கவில்லை. இதற்கு ஒரே ஆளாய் இருந்தாலே தேவலை. பின்னால் யாரும் இல்லை என்ற பயத்திலாவது ஒழுங்காகப் பார்ப்பாள்.

உன்னைக் கிண்டல் செய்பவர் மேல் கோபப்படு, நியாயம். ஆனால் நீ அடுத்தவருடையதை எப்படிப் படிக்கிறாய்? அதை எழுது முதலில்.

ஒரு சேதி. அடுத்த மாதம் எங்கள் வார்டில் மருந்துச் சீட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை வருகிறது. பெட்டிமேல் ஒட்டியிருப்பது உன் கம்பெனிச் சின்னம் போல இருக்கிறது!

எல்லோரும் உன்னைக் கேட்டார்கள்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா, அக்கா, அக்கா,

எங்களுடையதேதான்! நீ தொடும் திரையில் என் கையெழுத்து கொஞ்சம் இருக்கிறது. நலமா என்று கேட்க மறந்துவிட்டேன் பார். நலமா? இங்கே தலைவலி ஒன்றுதான் விடாமல் வந்துபோகிறது. காரணத்தைக் கேள்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று கேட்டாயே. ராக்கெட் எழுதிய அந்தக் கோட் புத்தகத்தின் இரண்டாம் பாகம் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். குழந்தையின் எடையை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி அது. டாக்டர் மருந்து எழுதும்போது எடையை எடுத்துக் கணக்குப் போடுகிறது, சரி. ஆனால் எழுதிய பிறகு யாராவது எடையைத் திருத்தினால்? அளவு மறுபடி கணக்காகிற மாதிரி எனக்கு எங்கும் தெரியவில்லை. அதனால் ஒரு கேள்வி போட்டேன். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை: "பிறகு எடை மாறினால் டோஸ் மாறுமா? எங்கே மாறுகிறது என்று காட்ட முடியுமா?"

ராக்கெட் என் மேஜைக்கே வந்துவிட்டான். "அதெல்லாம் வேற இடத்துல பாத்துக்கும்."

"எந்த இடத்துல?"

"எங்கயோ இருக்கு. விடுங்களேன். நாளைக்கு ரிலீஸ்."

விடவில்லை. முற்றுப்புள்ளி வந்து "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று எழுதி என் கேள்வியை மூடினார். நான் திறந்தேன். அவர் மூடினார். நான் மறுபடி திறந்தேன். மேனேஜர் கூட்டம் போட்டு, எல்லார் முன்னாலும், "ஒருத்தரால மொத்த ரிலீஸும் நிக்குது" என்றார். ஒருத்தர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்ரூவ் பண்ண மாட்டேன் என்றேன். என்ன செய்தார்கள் தெரியுமா? ரிவ்யூ பட்டியலிலிருந்து என்னையே எடுத்துவிட்டார்கள்! லீவில் ஊருக்குக் கிளம்பிய ஒருவர், விமானத்துக்குக் காத்திருந்தபடி போனிலேயே அப்ரூவ் தட்டினார். உள்ளே போய்விட்டது. கேள்விக்குப் பதில் இல்லை. கேட்டவளை வெளியே தள்ளியாகிவிட்டது. இதற்குப் பெயர் ரிவ்யூவாம். கண்ணாடியில் முகம் அழுக்காகத் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றி வீசுவார்களா?

அக்கா, உன் வார்டில் எடையைத் திருத்தினால் ஒரு கண் வைத்துக்கொள். நான் சொன்னதாக வெளியே தெரிய வேண்டாம். ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசினால் வேலை போய்விடும்.

கோபத்துடன், ஆனால் உன்மேல் அல்ல,
சுண்டெலி


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் தலைவலிக்கு முதலில் கண் டாக்டரைப் பார். எல்லாத் தலைவலிக்கும் மேனேஜரே காரணமாக இருக்க முடியாது.

திரை வந்துவிட்டது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கும் பாவம் தொலைந்தது. அந்த மட்டில் உங்களுக்குப் புண்ணியம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தலைமை நர்ஸிடம் போய், "எடை மாத்தினா அளவு மாறுதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பெனிக்காரங்க பத்துப் பேர் பாத்து, சரி சொல்லித்தானே குடுப்பாங்க? நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?" என்றார்.

பத்துப் பேர் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லவும் முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். எடை திருத்தியிருந்தால் நான் மட்டும் காகிதத்தில் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வேலையிடத்தில் நாக்கை அடக்கு. கேள்வியை அடக்காதே.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு வணக்கம்,

கண் டாக்டரைப் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறதாம். அப்போ மேனேஜர்தான். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

ரிலீஸுக்குக் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். கூடவே என் வருடாந்திர மதிப்பீட்டில் ஒரு வரியும் கொடுத்தார்கள்: "டீமுடன் ஒத்துழைப்பு போதாது." படிக்காமல் தலையாட்டியிருந்தால் ஒத்துழைப்பு.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் முதன்முதலாக எழுதியதை முற்றுப்புள்ளி கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். "இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலையா?" பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் எதையும் அனுப்புவதே இல்லை. எழுதிய கோட் எல்லாவற்றையும் சேர்த்துச் சேர்த்து வைக்கிறாள், பயம். சேரச் சேரப் பெரிதாகும். பெரிதானால் யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காமல் அப்ரூவ் வாங்குவதுதான் இப்போது அவளுக்கு நிம்மதி! நன்றாக வேலை செய்யக்கூடிய ஒருத்தியின் திறமையை இப்படித்தான் பாழாக்குகிறார்கள்.

மேனேஜரிடம் நேராகப் போனேன். "சின்னச் சின்னதா அனுப்பச் சொல்லுங்க, அப்பத்தான் படிக்க முடியும். இடைவெளி, புள்ளியெல்லாம் மிஷினே திருத்தும், அதுக்கு மனுஷன் வேண்டாம். கோட்ல இருக்கிற தப்பைச் சொல்லுங்க, எழுதினவங்களைச் சொல்லாதீங்க. கேள்வியை, கேட்டவங்கதான் மூடணும். படிக்கிறதும் வேலைதான், அதுக்கும் நேரம் குடுங்க." மூச்சு விடாமல் சொன்னேன்.

"அருமை. எழுதி அனுப்புங்க," என்றார். அனுப்பினேன். இன்றுவரை அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீ ஏன் இப்போதெல்லாம் தாமதமாகப் பதில் போடுகிறாய்?

சுண்டெலி


ஏப்ரல் 28

சுண்டெலிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. முழங்கால் வலி. கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறேன். அம்மா நலம். மாமா நலம். அலமாரி எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். திரைச்சீலைகளையும் துவைத்தாகிவிட்டது.

அந்த எடை விஷயத்தைப் பற்றி இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம். போனிலும் வேண்டாம்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மே 6

அக்கா,

முழங்காலா? ஜனவரியில் இடுப்பு அல்லவா? வலி படியிறங்கி வருகிறதா? போன் பண்ணினால் அம்மா எடுத்து, "அவ தூங்குறா" என்கிறாள். பட்டப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. மாமாவைக் கேட்டால் இருமுகிறார். என்னமோ மறைக்கிறீர்கள். ஆபரேஷன் ஏதாவதா? சொல்லித் தொலை.

இங்கே ஒரு வாரம் நிம்மதி. முற்றுப்புள்ளி வெளியூர் போயிருந்தார். ஏதோ ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் எங்கள் திரையோடு தகராறாம். கம்பெனி சார்பில் போய், எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று போட்டுக் காட்டிவிட்டு வந்தாராம். அவர் இல்லாத அந்த வாரத்தில் புதுப்பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் எழுதியதை அவளோடு சேர்ந்தே படித்தேன். இரண்டு தவறை அவளே கண்டுபிடித்தாள். என்னுடையதில் ஒன்றையும் கண்டுபிடித்தாள், கழுதை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உடனே பதில் போடு. இல்லாவிட்டால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன்.

கவலையுடன்,
சுண்டெலி


மே 30

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் எதுவும் இல்லை. வராதே. லீவை வீணாக்காதே. எல்லோரும் சுகம்.

உன் முற்றுப்புள்ளி, பேசும்போது பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவாரா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

நலம் விசாரிக்க மாட்டேன். நீ நலமில்லை என்று தெரிந்துவிட்டது.

பேனா மூடியைப் பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை. நீ அந்த ஆளை எங்கே பார்த்தாய்?  உன் கடிதம் வந்த மறுநாள் டீ குடிக்கும் இடத்தில் நானே பேச்சைக் கிளப்பினேன்: "அந்த ஆஸ்பத்திரி தகராறு என்ன சார்?"

முற்றுப்புள்ளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூடியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார். "ஒரு நர்ஸ். ஸ்கிரீன்ல வந்த டோஸை நம்ப மாட்டேன்னு, ஆபரேஷன் பண்ணின குழந்தைக்கு வலி மருந்து குடுக்காம நின்னுருக்கு. எடையை மாத்தினாங்களாம், டோஸ் மாறலையாம். நான் போய் ஸ்கிரீன்லயே புதுசா சீட்டு போட்டுக் காட்டினேன், கச்சிதமா வந்துச்சு. சில பேருக்குக் கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி. சஸ்பெண்டு பண்ணிட்டாங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். எந்த வார்டு என்று கேட்கவில்லை. கையில் இருந்த கப்பை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வைத்திருக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

சஸ்பெண்டு! என் அக்காவை! நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டதற்கு! அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே மூடிய ஆள், உன் எதிரில் உட்கார்ந்து உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறார். நீயோ அலமாரி துடைத்தேன் என்று எனக்கு எழுதுகிறாய். முழங்கால் வலியாம்!

உன்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுது.

சுண்டெலி


ஜூன் 19

என் சுண்டெலிக்கு,

எழுதுகிறேன். முதலில் சாப்பிடு, பிறகு படி.

சின்னப் பையன். குடலிறக்க ஆபரேஷன். சேர்க்கும்போது அம்மாக்காரி எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறாள், அதை வைத்து டாக்டர் மருந்து எழுதிவிட்டார். வார்டில் நான் எடைபோட்டேன். நிறையக் குறைந்தது. திருத்தினேன். எடை மாறியது, வலி மருந்தின் அளவு மாறவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த அளவு ஏறினால் பிள்ளைக்கு மூச்சு மந்தமாகிவிடும். கூட இருந்த நர்ஸ், பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

டாக்டர் அடுத்த ஆபரேஷனில் இருந்தார். போனில் சொன்னேன். "ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதைக் குடுங்க. என்னோட வாதாடாதீங்க," என்றார். நான் கொடுக்கவில்லை. பிள்ளை அழுதான். அவன் அப்பா என்னைப் பார்த்து, "நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று கத்தினார். அந்த அழுகையையும் அந்தக் கத்தலையும் நின்று வாங்கிக்கொண்டேன். டாக்டர் கோபமாக வந்து, திரையில் இருந்த பழைய சீட்டை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். புது எடைக்குச் சரியான அளவு வந்தது. "இதோ, சரியாத்தானே இருக்கு!" என்றார். முதலில் வேறு அளவு இருந்தது என்றேன். கூட இருந்தவளைக் கேட்டார்கள். "நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். அவள் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்று சொல்லப் பயம்.

விசாரணையில் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்கள்: "டாக்டருக்கே வராத சந்தேகம் உங்களுக்கு எப்படி வந்தது?"

நான் என்ன சொல்ல? உன் பெயரையா? வாயை மூடிக்கொண்டேன். திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். உன் முற்றுப்புள்ளி பேனாவை மூடிக்கொண்டே, "இது யூசர் மிஸ்டேக்" என்றார்.

உன்னிடம் சொன்னால் அன்றைக்கே வேலையைத் தூக்கி அவர் முகத்தில் எறிவாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. பிள்ளை நலமாக வீட்டுக்குப் போனான். எனக்கு அது போதும்.

போதாது. சும்மா எழுதினேன். ராத்திரி தூக்கமே வருவதில்லை.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

என் வேலையைக் காப்பாற்ற உன்னை யார் கேட்டது? இனி ஒருமுறை எனக்காக வாயை மூடினால் உன்னோடு பேச மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிடு, நடிப்பு போதும்.

வேலையைத் தூக்கி எறியவில்லை. எறிந்திருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும்.

வாராந்திரக் கூட்டத்தில் பெரிய திரையில் எங்கள் சாப்ட்வேரைத் திறந்தேன். ஒரு குழந்தை, ஒரு எடை, ஒரு மருந்து. பிறகு எடையைத் திருத்தினேன். அளவு அப்படியே நின்றது.  முற்றுப்புள்ளி மெதுவாக, "இது தெரிஞ்ச பிரச்சினைதானே," என்றார்.

"யாருக்கு சார் தெரிஞ்ச பிரச்சினை?" என்றேன். "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்த நர்ஸுக்கு யார் சொன்னது? நீங்க போய்ப் புதுச் சீட்டு போட்டுக் காட்டினீங்களே, பழைய சீட்ல எடையை மாத்திக் காட்டினீங்களா? அவங்க எங்க அக்கா."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன். நீயே கற்பனை செய்துகொள், தூக்கம் வரும்.

மேனேஜர் அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா? சத்தமில்லாமல் சரிசெய்து அடுத்த அப்டேட்டில் அனுப்பிவிடலாமாம். ராக்கெட் திருத்தி எழுதினான். ரிவ்யூ என்னிடமே வந்தது. கோட் சரியாக இருந்தது. மேலே விளக்கத்தில் மட்டும் "திரையில் சிறு மேம்பாடு" என்று போட்டிருந்தது. மேனேஜர் சொல்லி எழுதியது. நான் கேள்வி போட்டேன்: "இது மேம்பாடா? என்ன தவறு இருந்தது, எந்த ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?" பதில் வரும்வரை அப்ரூவ் கிடையாது. மறுபடி என்னை நீக்கினால் நேராக உன் விசாரணைக்குப் போய் உட்காருவேன் என்றும் சொன்னேன்.

மாலையில் ராக்கெட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேகமெல்லாம் போயிருந்தது. "இத்தனை வருஷத்துல நான் எழுதின கோட் முழுசையும் படிச்சது நீங்க ஒருத்தர்தான். நான் அதை அவமானம்னு நினைச்சேன். எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொன்னாங்க, ஒருத்தரும் படிக்கலைன்னு எனக்கே தெரியும்," என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

அவனே விளக்கத்தை அழித்துவிட்டு மாற்றி எழுதினான்: "எடையைத் திருத்தினாலும் மருந்தின் அளவு பழைய எடைக்கே நிற்கிறது. தவறு என்னுடையது. ரிவ்யூவில் இது கேட்கப்பட்டது. பதில் சொல்லாமல் கேள்வி மூடப்பட்டது." டாக்டர் நீக்கிய அந்த முதல் சீட்டையும் சர்வரிலிருந்து அவனே தோண்டி எடுத்தான். நீ சொன்ன அளவுதான் அதில் இருந்தது. மேனேஜரிடம் இரண்டையும் வைத்து, "ஆஸ்பத்திரிகளுக்கு நீங்க அனுப்புறீங்களா, நான் அனுப்பவா?" என்று நின்றான். அனுப்பினார்கள். எல்லா ஆஸ்பத்திரிக்கும்.

இப்போது கேள்வியைக் கேட்டவர்தான் மூட முடியும். சின்னதாக அனுப்புகிறோம். காலையில் முதல் வேலை, அடுத்தவர் எழுதியதைப் படிப்பது. புதுப்பெண் தைரியமாக அனுப்புகிறாள். முற்றுப்புள்ளி அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஒரு மன்னிப்பு? ஒரு அரை வார்த்தை? கிடையாது. அதை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது.

உன்னைக் கூப்பிட்டார்களா?

உன் சுண்டெலி


ஆகஸ்ட் 9

என் தங்கைக்கு,

இடுப்பு வலிக்கிறது. நிஜமாகவே. வேலைக்குப் போகிறேன் அல்லவா?

ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. கையெழுத்துப் போட்டுட்டு திங்கக்கிழமை வந்துடுங்க." படித்தேன். "மனிதாபிமான அடிப்படையில் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது" என்று இருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நான் அந்தப் பிள்ளைமேல மனிதாபிமானம் காட்டினேன். நீங்க இப்ப யார்மேல காட்டறீங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று மாற்றிக்கொண்டு வந்தார்கள். யாருக்குச் சந்தேகம்? அதையும் திருப்பினேன். மாமா, "போதும், விட்டுடு" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவில், அன்று கூட இருந்த நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே அழுதாள். தான் பார்க்கவே இல்லை என்று நிர்வாகியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வாயில் வரவில்லை.

மூன்றாவது தாளில்தான் "மருந்தைக் கொடுக்க மறுத்தது சரியான செயல்" என்று வந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு ஒன்று கேட்டேன். வீரியமான மருந்து என்றால் இரண்டாவது நர்ஸ், திரையையும் பார்க்கக் கூடாது, முதல் நர்ஸின் கணக்கையும் பார்க்கக் கூடாது. குழந்தையைப் பார்த்து, தானே தனியாகக் கணக்குப் போட வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் ஊசி. ஒரே திரையை இரண்டு பேர் பார்த்துத் தலையாட்டுவதில் என்ன பிரயோஜனம்?

"எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படணுமாம்மா?" என்றார் நிர்வாகி.

"சந்தேகம் இல்ல சார். கவனம்," என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை போனேன். என்னோடு யாரைப் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறாய்? அவளைத்தான். நான் ஒரு மூலையில் கணக்குப் போட்டேன், அவள் இன்னொரு மூலையில். இரண்டையும் சேர்த்து வைத்தால், ஒத்துவரவில்லை. அவள் தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அக்கா, உங்க கணக்குல தப்பு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. இத்தனை மாதம் சண்டை போட்டு வாங்கிய உரிமை, முதல் நாளே என் தலையில் வந்து விடிந்திருக்கிறது! தாளை வாங்கி அடியிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்திருந்தேன். அவள் சொன்னதுதான் சரி.

என் தாளில் புள்ளியைத் திருத்தினேன். பிறகு, "நல்லாப் பாத்தே," என்றேன். அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், ஊசியை எடு" என்று அதட்டினேன். இருவரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம்.

அம்மா இப்போது மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறாள். நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. டிக்கெட் எடுத்ததும் சொல்.

உன் அக்கா